ஆரணி வெள்ளிக்கிழமை

நாற்பது வயதைத் தாண்டிய ஒருத்தி வேலைக்கு மனுப் போடுகிறாள் என்றால் ஆரணியில் யாரும் சிரிக்க மாட்டார்கள். "பாவம்" என்பார்கள். வியாபாரம் படுத்துவிட்டதா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு விசாரிப்பார்கள். சிரித்தால்கூட நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்தப் பாவத்துக்கு என்ன பதில் சொல்வது? அதனால் மனுப் போட்டதை நான் இரண்டு பேரிடம்தான் சொன்னேன். ஒருவர் என் கணவர். இன்னொருத்தி, ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகள்.

உண்மையில் வியாபாரம் நன்றாகவே இருந்தது. கணவர் பட்டு நூலும் ஜரிகையும் வாங்கி முள்ளிப்பட்டில் இருக்கிற தறிக்காரர்களின் வீடுகளுக்குக் கொடுப்பார். அவர்கள் நெய்து தருகிற புடவைகள் எங்கள் வீட்டு முன்னறைக்கு வரும். அங்கிருந்து விற்பது என் பொறுப்பு. கோலாலம்பூரில் இருக்கிற வாடிக்கைக்கார அம்மாவுக்கு வீடியோவில் முந்தானையை விரித்துக் காட்டுவேன். டொரன்டோவில் இருக்கிற அம்மாவுக்குப் பச்சைக்கும் கிளிப்பச்சைக்கும் என்ன வித்தியாசம் என்று பொறுமையாக விளக்குவேன். பொறுமை எனக்குப் பிறவியில் வந்ததில்லை, வியாபாரத்துக்காகக் கற்றுக்கொண்டது. போனை வைத்ததும் அது போய்விடும்.

ஆனால் அது என் கணவரின் வியாபாரம். பலகையில் அவர் பெயர். வாட்ஸப்பில்கூட அவர் பெயர்தான். ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவள் நான். மகள் பிறப்பதற்கு முன் ஒரு பொறியியல் கல்லூரி அலுவலகத்தில், நேபாளத்திலிருந்தும் பூடானிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு விடுதி, வங்கிக் கணக்கு, மருத்துவமனை என்று அலைந்து ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். அந்த நாட்களில் காலையில் எழும்போதே எனக்கு உற்சாகமாக இருக்கும். எனக்கென்று ஒரு வேலை, அதில் என் பெயர். அது மறுபடி வேண்டும் என்று எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன், வெளியில் சொன்னதில்லை. வயது ஏற ஏற அந்த ஆசையைச் சொல்லவே கூச்சமாகிவிட்டது.

விளம்பரத்தைப் பார்த்தது மகள்தான். ஆரணியிலிருந்து தினம் பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம். வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆலோசகர் வேண்டுமாம். விசா, தங்குமிடம், உடம்பு சரியில்லாமல் போனால் உதவி, வீட்டு ஞாபகம் வந்து அழுதால் ஆறுதல், எல்லாம் அந்த ஒரே ஆளின் தலையில்.

"ம்மா, உனக்குன்னே போட்டு வெச்சிருக்காங்கம்மா" என்றாள்.

கணவர் ஜரிகைக் கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "போடேன். போட்டு வெச்சா இன்னா கொறஞ்சிடப் போவுது?" என்றார்.

"கெடச்சா இன்னா பண்ணுவீங்க?"

"கெடைக்கட்டும். அப்ப பாத்துக்கலாம்."

கிடைக்காது என்ற நிம்மதி அந்தக் குரலில் அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்குச் சுருக்கென்று இருந்தது. அன்றைக்கு மத்தியானமே மனுவை அனுப்பினேன். கோபத்தில் செய்த காரியங்களில் அதுதான் உருப்படியானது.

நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும் வீடு அமர்க்களப்பட்டது. மகள் நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டு, ஐந்து வருடத்துக்குப் பிறகு உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "உங்கப்பா வாங்கிப் போட்ட ஜரிகைக்கு நடுவுல" என்றேன். "ம்மா, சீரியஸா சொல்லும்மா" என்று காலை உதைத்துக்கொண்டாள். கணவர் தன் பங்குக்கு மாம்பழ மஞ்சளில் பச்சைக்கரை போட்ட ஒரு பட்டுப்புடவையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இத கட்டிகினு போ. ஆரணிக்காரின்னு தெரிய வேணாமா?"

"வேலை கேக்கப் போறேங்க. நிச்சயதார்த்தத்துக்கா போறேன்?"

பருத்திப் புடவைதான் கட்டினேன். பஸ் கண்ணமங்கலம் தாண்டுகிறவரை ஆங்கிலத்தில் என்னை நானே அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் உதட்டைப் பார்த்துவிட்டு, "சாமி ஸ்லோகமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

காத்திருந்த அறையில் என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைந்த பெண் ஒருத்தி இருந்தாள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவளாம், போனில் பேசியதில் தெரிந்தது. டை கட்டிய ஓர் இளைஞன் நிமிடத்துக்கு ஒரு தடவை தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஓடினால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது? அவர்கள் இருவரும் உள்ளே போய் வருகிறவரை உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே மூன்று பேர். நடுவில் வெளிநாட்டு மாணவர் பிரிவின் இயக்குநர், நரைத்த முடியைக் கழுத்தளவு வெட்டியிருந்த ஓர் அம்மாள். ஒரு பக்கம் பணியாளர் பிரிவுக்காரர், மறுபக்கம் ஒரு பேராசிரியர். எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. முதல் அரைமணி நேரம் நான் நன்றாகவே பேசினேன், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பழைய கல்லூரி அனுபவத்தைச் சொன்னேன். டொரன்டோ அம்மாவைப் பற்றிச் சொன்னபோது பேராசிரியர்கூடச் சிரித்தார். அடடா, கிடைத்துவிடும்போல் இருக்கிறதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அப்புறம் இயக்குநர், "இப்போது ஒரு மாணவியை வரச் சொல்கிறேன். அவள் தன் பிரச்சினையைச் சொல்வாள். நீங்கள் இந்த வேலையில் இருப்பதாக வைத்துக்கொண்டு அவளிடம் பேசுங்கள்" என்றார்.

வந்தவள் தான்சானியாவைச் சேர்ந்த பெண். கடைசி வருடம் படிக்கிறாள். தலையில் சன்னச் சன்னமாகப் பின்னிய ஜடைகள், பல நாள் தூங்காத முகம். அக்காவுக்குக் கல்யாணம் வருகிறது, விசா நீட்டிப்புக்கு விண்ணப்பம் போட்டு நாளாகிவிட்டது, இன்னும் வரவில்லை, அது வராமல் ஊருக்குப் போனால் திரும்பி வந்து பரீட்சை எழுத முடியாது என்றாள். கடைசியாக, "எப்போது வரும் மேடம்?" என்று கேட்டாள்.

நடிப்புக்கு என்ன அருமையாக முகத்தை வைத்துக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டே, அவள் தோளைத் தட்டி, "கவலைப்படாதே. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

எங்கள் ஊர் வெள்ளிக்கிழமையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். புடவை எப்போது தறியை விட்டு இறங்கும் என்று எந்தத் தறிக்காரரைக் கேட்டாலும், "வெள்ளிக்கெழம அறுத்துடலாங்க" என்பார். அதை வாங்கி என் கணவர் கடைக்காரரிடம் வெள்ளிக்கிழமை என்பார். கடைக்காரர் கல்யாண வீட்டுக்காரரிடம் அதையே சொல்வார். தெரியாது என்று சொல்வது மரியாதை இல்லை, கேட்டவர் முகம் வாடிவிடும். வெள்ளிக்கிழமை என்றால் கேட்டவருக்கும் மனசு குளிரும், சொன்னவருக்கும் நிம்மதி. ஆனால் ஒருத்தரும் அதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. என் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு முள்ளிப்பட்டுக்குப் போய், நெய்தது எத்தனை முழம் என்று கையால் அளந்து பார்த்துவிட்டு வருவார். கல்யாண வீட்டுக்காரர்கள் என்ன லேசுப்பட்டவர்களா? முகூர்த்தத்தைப் பத்து நாள் முன்னால் தள்ளித்தான் கடையில் சொல்வார்கள். அவரவர் கணக்கில் அவரவர் உஷாராக இருப்பதால் எங்கள் ஊரில் இதுவரை எந்தப் பெண்ணும் புடவை இல்லாமல் மணையில் உட்கார்ந்ததில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் தினம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோலாலம்பூர் அம்மாவுக்குக்கூடத் தெரியும், வெள்ளி என்று நான் சொன்னால் அதற்கு அடுத்த செவ்வாய்க்குத்தான் கூரியர் பற்றிக் கேட்பார்.

அந்தப் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்?

நான் சொன்னதும் அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "நிஜமாகவா மேடம்? நன்றி மேடம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். உடனே போனை எடுத்து ஏதோ தட்ட ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தேன். விமான டிக்கெட் பக்கம். சனிக்கிழமை விமானத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

இவள் நடிக்கவில்லை! கல்யாணமும் நிஜம், விசாவும் நிஜம். நான் சொன்ன வெள்ளிக்கிழமையை வைத்துப் பணத்தைக் கட்டப் போகிறாள்.

"அய்யோ, வேணாம்மா! பண்ணாத, பண்ணாத!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். கத்தினதோடு நில்லாமல் போனைக் கையோடு பிடுங்கியும்விட்டேன். பணியாளர் பிரிவுக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

அந்தப் பெண் என்னை மிரள மிரளப் பார்த்தாள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "டிக்கெட் போடாதே. வெள்ளிக்கிழமை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. என்னை மன்னித்துவிடு" என்றேன். மலர்ந்த முகம் அப்படியே கூம்பியது. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பணியாளர் பிரிவுக்காரர் தொண்டையைச் செருமினார். "மாணவர்களுக்கு நீங்கள் நம்பிக்கை கொடுக்கிற விதம் இதுதானா?" என்று கேட்டார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சார், எனக்கு முன்னால் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அவர்களிடமும் இந்தப் பெண் இதையேதான் கேட்டிருப்பாள். இந்த அறையில் யாருக்காவது அந்தத் தேதி தெரியுமா? யாருக்கும் பதில் தெரியாத கேள்வியை அவள் வாயாலேயே கேட்க வைத்து எங்களுக்குப் பரீட்சை வைக்கிறீர்களே, அவளுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டேன். நாக்கில் சனி என்பார்களே, அன்றைக்குச் சனி என் நாக்கில் பாய் விரித்துப் படுத்திருந்தான். பேராசிரியர் மேஜையைப் பார்த்தார். இயக்குநர் ஏதோ எழுதிக்கொண்டே, "நன்றி, நீங்கள் போகலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். கணவர் முதலில் வாயை மூடிக்கொண்டுதான் கேட்டார். வெள்ளிக்கிழமை வந்ததும் முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நம்ம ஊரு வெள்ளிக்கெழமய அங்கயும் கொண்டுகினு போயிட்டியா?"

"சிரிங்க, நல்லா சிரிங்க. உங்களுக்குத்தான் நிம்மதி. வேலை கெடைக்காது."

அவர் சிரிப்பை நிறுத்தினார். அப்புறம், "நெசமா சொல்லட்டா? நீ போயிட்டா எனக்கு பேஜாருதான். அந்தம்மாங்க கிட்ட கிளிப்பச்ச இன்னா, பாசிப்பச்ச இன்னான்னு எனக்குப் பேச வருமா? மனுப் போட்ட நாள்லேருந்து பயந்துகினுதான் இருக்கேன். அதுக்காக உனக்குக் கெடைக்கக் கூடாதுன்னு நெனப்பனா? நெனக்கல" என்றார். இத்தனை வருடத்தில் அவர் பயம் என்ற வார்த்தையைத் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. என் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அவருக்குப் பிடித்த காரக்குழம்பு வைத்தேன்.

நாட்கள் போயின. வேலை கிடைக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டாலும் போன் அடித்தால் ஓடிப்போய்த்தான் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் புடவைக்காரர்கள். இதற்கு நடுவில் அந்தப் பெண்ணின் ஞாபகம் வேறு. பாத்திரம் துலக்கும்போது, வீடியோ எடுக்கும்போது, அந்தக் கூம்பிப்போன முகம் வந்து நின்றது. விசா வந்ததா, கல்யாணம் என்றைக்கு, யாராவது விசா அலுவலகத்துக்கு நேரில் போனார்களா? இயக்குநரின் எண் அழைப்புக் கடிதத்தில் இருந்தது.

"போன் பண்ணி கேக்கட்டுமா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"இன்டர்வியூ முடிச்சிட்டு நீயே போன் பண்ணா இன்னா நெனப்பாங்க? வேலைக்குக் கெஞ்சுறாங்கன்னு நெனப்பாங்க. இருக்கற கொஞ்சநஞ்ச வாய்ப்பும் போயிடும்."

அவர் சொன்னது சரிதான். மகளும் அதையேதான் சொன்னாள். நானும் போனை எடுப்பதும் வைப்பதுமாக ஒரு வாரத்தை ஓட்டினேன். ஒருநாள் மத்தியானம், புடவை மடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் அப்படியே போட்டுவிட்டு எண்ணை அழுத்தினேன். போனால் போகட்டும் என்றாகிவிட்டது.

யார் என்று சொன்னதுமே இயக்குநரின் குரல் இறுகியது. "இன்னும் முடிவு பண்ணலைங்க. முடிவானா நாங்களே மெயில் அனுப்புவோம். இப்படி போன் பண்ணக் கூடாது" என்று தமிழில் சொன்னார்.

"அதுக்கு இல்ல மேடம். அந்தத் தான்சானியா பொண்ணு. விசா வந்துச்சா அவளுக்கு?"

"வரலை" என்றார், குரல் தணிந்து.

"கல்யாணம் எப்ப மேடம்?"

"இந்த மாசக் கடைசி."

"நேர்ல யாராவது போய்ப் பாத்தாங்களா?"

"எல்லாம் ஆன்லைன்லதாங்க. நேர்ல யாரும் போறதில்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆன்லைன்னா என்ன மேடம், எங்கயோ ஒரு மேஜைல ஒரு மனுஷன் உக்காந்துகினுதானே அதைப் பாக்கறாரு? கல்யாணப் பத்திரிகையை எடுத்துகினு அந்தப் பொண்ணைக் கூட்டிகினு போயி நிக்கணும். எப்ப வரும்னு அவரும் சொல்லலைன்னாலும் யார்கிட்ட நிக்குதுன்னாவது தெரியும். வீட்டுல உக்காந்துகினு வரும் வரும்னு சொன்னா ஆவுமா?"

"போகலாம். யார் போறது?" இயக்குநருக்கும் கோபம் வந்துவிட்டது. "மூணு மாசமா அந்த சீட் காலியா கெடக்கு. நான் ஒருத்தி எத்தனை பிள்ளைங்களுக்கு ஓடறது? அதுக்குத்தானே ஆள் எடுக்கறோம்!"

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். அந்தப் பக்கம் பேப்பர் புரள்கிற சத்தம் கேட்டது.

"அன்னிக்கு உங்களை வேணாம்னுதான் கூட இருந்த ரெண்டு பேரும் சொன்னாங்க" என்றார் மெதுவாக. "போனைப் புடுங்கினீங்களே, அதுக்கு. நானும் யோசிச்சிட்டுதான் இருந்தேன். சரி. ஆர்டர் வர நாளாகும். அதுவரைக்கும் தற்காலிகமா வேலை பாக்கறீங்களா? திங்கக்கெழம வர முடியுமா?"

"திங்கக்கெழம எதுக்கு மேடம், நாளைக்கே வரேன்."

"சம்பளம் எவ்வளவுன்னு கேக்க மாட்டீங்களா?"

"அதை வந்து கேக்கறேன். பத்திரிகையை மட்டும் அவங்க வீட்டுலேருந்து இன்னிக்கே அனுப்பச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். அந்தப் பெண் அக்காவின் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தாள், அதற்காக அவளும் நானும் விசா அலுவலகத்தில் எத்தனை நாற்காலியைத் தேய்த்தோம் என்பதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு எனக்கு அது எதுவும் தெரியாது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கணவர் வாசலில் நின்றுகொண்டிருக்கிறார். முள்ளிப்பட்டிலிருந்து வந்திருக்கிறார், கழற்றாத ஹெல்மெட், தோளில் புடவை மூட்டை. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"இம்மாம் சத்தமா சண்ட போட்டுகினு இருக்கியே, யாரு? கடைக்காரங்களா?"

"இல்லீங்க. என் ஆபீசு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்குக் காதில் விழுந்தது. அழுகை வந்துவிட்டது. பாதி மடித்த புடவையில் கண்ணீர் பட்டுவிடப் போகிறதே என்று அதை ஒரு கையால் தள்ளிவிட்டு, நின்ற இடத்திலேயே சந்தோஷத்தில் அழுதேன்.

அவர் மூட்டையை இறக்கி வைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் விற்க வேண்டிய புடவைகள் முன்னறை முழுக்கக் கிடந்தன, அவற்றையும் ஒரு தடவை பார்த்தார்.

"காலைல எத்தினி மணிக்கு பஸ்ஸு?" என்று கேட்டார்.